பிள்ளை தூங்கும் அறைக்கு எவ்வளவு இருட்டு வேண்டும்?

கோவை ஒப்பணக்கார வீதியிலோ பாலக்காட்டிலோ ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணி வாங்கப் போனால், கடைக்காரர் இப்போது முதலில் நிறத்தைக் கேட்பதில்லை. "சாதாவா, பிளாக்அவுட்டா?" என்றுதான் கேட்கிறார். பிளாக்அவுட் என்றால் என்ன என்று நாம் விழித்தால், துணிக்குப் பின்னால் தன் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டுவார். சாதாத் துணியில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையோடு வந்திருப்பவர்களாக இருந்தால், "இதைப் போட்டா பாப்பா காலையில எட்டு மணி வரைக்கும் அசையாதுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். தூக்கம் கெட்டுக் கண் சிவந்து நிற்கும் தாய்க்கு அதற்கப்புறம் விலை ஒரு பொருட்டே இல்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ரேஷன் கார்டு கேரளத்தில், சொந்தபந்தமும் ஜவுளிக்கடையும் பொள்ளாச்சியிலும் கோவையிலும். லண்டனிலோ துபாயிலோ இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய்வந்த அம்மாக்கள் ஒரு பக்கம், யூடியூப் பார்த்துப் பிள்ளை வளர்க்கும் இளந்தாய்மார் இன்னொரு பக்கம். இரண்டு வழியாகவும் இந்தத் துணி ஊருக்குள் வந்துவிட்டது. கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி வேறொரு வானத்துக்காகச் சொல்லப்பட்டது.

லண்டனில் ஜூன் மாதம் காலை ஐந்து மணி ஆவதற்குள் சூரியன் வந்துவிடும். இரவு ஒன்பது மணி தாண்டித்தான் மறையும். ஏழரைக்குப் பிள்ளையைப் படுக்க வைக்க நினைக்கும் ஒரு தாய்க்கு அங்கே வெளியே பட்டப்பகல். இன்னும் வடக்கே ஸ்டாக்ஹோம் போனால் நிலைமை அதைவிட மோசம். அந்த ஊர்க்காரர்கள் கனத்த கறுப்புத் துணியைத் தேடியதில் நியாயம் இருக்கிறது.

பாலக்காடு பூமத்தியரேகையிலிருந்து ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மிகச் சீக்கிரமாக விடிவது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான், அதுவும் ஆறு மணியை ஒட்டி. ஜனவரி கடைசியில் சூரியன் வர 6.45 ஆகிவிடும். மறைவதும் ஆறிலிருந்து 6.50-க்குள் முடிந்துவிடுகிறது. போதாததற்கு, இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாமோ அதற்கு மேற்கே தள்ளி இருக்கிறோம். நம் கடிகாரம் நம் சூரியனைவிட இருபது நிமிடத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. ஆக, கொழிஞ்சாம்பாறையில் ஒரு குழந்தை அஞ்சரைக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டால், எழுப்பியது வெயில் அல்ல. பசியாக இருக்கலாம், நனைந்த துணியாக இருக்கலாம், கோயில் ஒலிபெருக்கியாக இருக்கலாம், கரண்ட் போய் ஃபேன் நின்றதாகவும் இருக்கலாம். இதில் எதையும் திரை தடுக்காது.

அப்படியானால் திரை வீண் செலவா? அப்படியும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தை அளப்பதற்கென்றே ஒரு வகை நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி உண்டு. இவை தாமாகவே ஒளியை உணரக்கூடியவை என்பது 2002-இல் உறுதியானது. நீல ஒளிக்கு, அதாவது 480 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்துக்கு, இவை அதிகமாகத் துடிக்கும். சிவப்புக்கு ஏறக்குறைய அசையாது. இந்தச் செல்கள் மூளையின் அடியில் இருக்கும் உயிர்க்கடிகாரத்துக்கு 'இன்னும் பகல்தான்' என்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதி நின்றால்தான் கடிகாரம் பீனியல் சுரப்பிக்கு வழிவிடும், மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும். மெலட்டோனின் தூக்க மாத்திரை மாதிரி ஆளைச் சாய்ப்பதில்லை. இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவதுதான் அதன் வேலை.

பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைகளின் கண்மணிப் பாவை அகலம், லென்ஸ் பளிங்கு மாதிரி தெளிவு. வயதாக ஆக லென்ஸ் மஞ்சளடித்து நீல ஒளியை வடிகட்டிவிடும். அதனால் ஒரே கூடத்தில், ஒரே டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருந்தாலும் பாட்டிக்குள் போகும் வெளிச்சமும் பேத்திக்குள் போகும் வெளிச்சமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றிலிருந்து ஐந்து வயதுள்ள பத்துப் பிள்ளைகளைப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் ஒளிரும் மேசையில் விளையாட விட்டார்கள். சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மெலட்டோனின் 88 சதவீதம் குறைந்துபோனது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பாதியளவுகூடத் திரும்பவில்லை. 1,000 லக்ஸ் அதிகம்தானே என்று கேட்கலாம். அதே குழு 2022-இல் 36 பிள்ளைகளை வைத்து, 5 லக்ஸிலிருந்து 5,000 லக்ஸ் வரை வெவ்வேறு வெளிச்சத்தில் சோதித்தது. 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கலான வெளிச்சத்திலேயே சராசரி 78 சதவீதம் குறைந்திருந்தது. முழுநிலவு தருவது அரை லக்ஸுக்கும் குறைவு. ஒரு டியூப்லைட் எரியும் கூடம் நூறு லக்ஸைச் சாதாரணமாகத் தொடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் எல்லாம் படுப்பதற்கு முன்னால், கண் திறந்திருக்கும்போது விழும் வெளிச்சத்தைப் பற்றியவை. மூடிய இமை வெளிச்சத்தில் பெரும்பங்கை வெட்டிவிடும். ஜன்னல் திரையோ விளக்கை அணைத்த பிறகுதான் வேலைக்கு வருகிறது. எட்டு மணி வரை கூடத்தில் இரண்டு டியூப்லைட், சீரியல் ஓடும் டிவி, கையில் செல்போன் என்று வைத்திருந்துவிட்டு, எட்டே காலுக்குப் பிள்ளையை இருட்டறைக்குள் தூக்கிப்போனால் அது ஒன்பதரை வரை கொட்டக்கொட்ட விழித்திருக்கும். 'ஸ்கிரீன் போட்டும் தூங்க மாட்டேங்குது' என்ற புலம்பல் இப்படித்தான் வருகிறது. இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து ஜன்னலை மூடுவதற்கு முன் கூடத்து விளக்கைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

அதில் ஒரு சங்கடமும் உண்டு. சாயங்காலம் வீட்டை இருட்டாக வைக்க நம் வீடுகளில் யாரும் ஒப்ப மாட்டார்கள்.

"என்ன அம்மிணி, விளக்கு வெக்கிற நேரத்துல வீட்ட இப்பிடி மூடி வெச்சிருக்கறே?"

"கொழந்தை தூங்கோணுங்கத்தை."

"அந்தி நேரத்துல கொழந்தை தூங்குனா அப்புறம் ராத்திரி நீதான் முழிச்சிருக்கோணும்."

அத்தை சொல்வதில் சாத்திரம் பாதி என்றால் அனுபவம் பாதி. ஐந்தரை, ஆறுக்குப் போடும் குட்டித்தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும் என்பது தூக்க மருத்துவர்களும் சொல்வதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு வெளிச்சமாகவே இருக்கட்டும். ஏழு ஏழேகாலுக்கு மேல், சோறு ஊட்டி முடித்ததும், கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு மஞ்சள் பல்பை மட்டும் எரியவிட்டால் போதும். சாமி விளக்கு எரிவதால் ஒரு கெடுதலும் இல்லை. எண்ணெய் விளக்கின் சுடரில் நீலம் மிகக் குறைவு.

பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. பாலக்காட்டின் கல்பாத்தி, நூரணி அக்ரகார வீடுகளில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். வாசலிலும் கொல்லையிலும் முற்றத்திலும் மட்டும்தான் வெளிச்சம். நடு அறை பகலிலேயே மசங்கலாக இருக்கும். எல்லையோரத் தோட்டத்து ஓட்டு வீடுகளிலோ கனத்த மண்சுவர், சின்ன ஜன்னல், அதற்கு மரக்கதவு. ராத்திரி அந்த மரக்கதவைச் சாத்தினால் எந்த பிளாக்அவுட் துணியும் பக்கத்தில் நிற்க முடியாது. உத்தரத்தில் பழைய நூல்சேலையைத் தூளியாகக் கட்டிப் போட்டால், இரண்டு பக்கமும் துணி மேலே எழும்பிக் குழந்தைக்குத் தனியாக ஒரு மங்கல் அறையே கிடைத்துவிடும். காற்றும் ஊடாடும்.

இப்போது கட்டும் வீடுகளில் ஆளுயர ஸ்லைடிங் கண்ணாடி. அதற்கு வெளியே தெருவிளக்கு. மத்திய அரசு 2015 ஜனவரியில் எல்.இ.டி. தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கிய பிறகும், கேரளத்தில் 'நிலாவு' திட்டம் வந்த பிறகும், மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்த கம்பங்களில் பளீரென்ற வெள்ளை விளக்குகள் ஏறிவிட்டன. மின்சாரம் மிச்சம், திருட்டுப் பயம் குறைவு, பாம்பு கிடந்தாலும் தெரியும். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளையில் நீலப் பங்கு சோடியத்தைவிடப் பல மடங்கு கூடுதல். விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும்; தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் கேட்டுக்கொண்டது இதற்காகவும்தான். வாளையார் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் இதோடு லாரிகளின் முகப்பு விளக்கும் சேர்ந்துகொள்ளும். சுவரில் ஒரு மூலையில் தோன்றி மறுமூலை வரை ஓடி மறையும் அந்த வெளிச்சப் பட்டை, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துவிடும்.

இந்த வீடுகளுக்குத் திரை தேவைதான். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் அப்பா இருக்கும் வீட்டுக்கும் தேவை. அங்கே பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் அதிக உபகாரம்.

ஜன்னலை மூடியாயிற்று, உள்ளே நைட் லேம்ப்? நம்மூரில் ஜீரோ வாட் பல்பு இல்லாத படுக்கையறை அபூர்வம். பழைய குண்டு பல்பு காலத்தில் அதன் பெயர்தான் ஜீரோ, இழுத்தது 12 முதல் 15 வாட். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு அரை வாட்டில் முடிந்துவிடுகிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் நீலத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நாமும் வாங்குகிறோம். மேலே சொன்ன மெலனாப்சின் கணக்குப்படி இருக்கிற நிறங்களிலேயே ஆகாத நிறம் அதுதான். சிவப்போ ஆரஞ்சோ போடலாம். அதையும் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணுக்கு நேரே மாட்டாமல், தரையை ஒட்டிய பிளக்கில் மாட்டினால் நடுராத்திரி பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தாராளமாகப் போதும். இரண்டு மூன்று வயதில் பிள்ளைகளுக்கு இருட்டென்றால் பயம் வரும். அந்த வயதில் 'முழு இருட்டுதான் நல்லது' என்று அடம்பிடித்துப் பிள்ளையை அழவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயந்து அழும் பிள்ளைக்கு எந்த இருட்டிலும் தூக்கம் வராது. நைட் லேம்ப் போட்டால் கிட்டப்பார்வை வரும் என்று ஒரு பேச்சு உண்டு. 1999-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது அது. மறு ஆண்டே வேறு இரண்டு குழுக்கள் சோதித்துப் பார்த்து, அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்று சொல்லிவிட்டன. அதற்காக அஞ்ச வேண்டாம்.

சரி, வாங்குவதென்றே முடிவு என்றால் எதைப் பார்த்து வாங்குவது? இரண்டு வகை வருகிறது. ஒன்று, நெய்யும்போதே நடுவில் கறுப்பு நூல் வைத்து மூன்றடுக்காக நெய்த பாலியஸ்டர். முழு இருட்டு வராது, ஆனால் துணி துணியாக இருக்கும், துவைக்கலாம். இன்னொன்று, பின்பக்கம் நுரைப்பூச்சு பூசியது. வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை என்று மூன்று முறை பூசியிருப்பார்கள். டார்ச் சோதனையில் ஜெயிப்பது இதுதான். புதிதில் ஒரு ரப்பர் நாற்றம் இருக்கும். குழந்தை அறையில் தொங்கவிடும் முன் நாலைந்து நாள் வெளித்திண்ணைக் கொடியில் காற்றாட விடுவது நல்லது. வாஷிங் மெஷினில் போட்டு முறுக்கினால் பூச்சு விரிசல் விட்டு, வெயிலில் பார்க்கும்போது ஊசி ஓட்டைகளாகத் தெரியும். கரூர் சரக்கில் நல்ல கனமான பருத்தித் துணி மலிவாகவே கிடைக்கிறது. அதை எடுத்து, பின்னால் அடர்நிற லைனிங் கொடுத்துத் தையல்காரரிடம் தைத்துக்கொண்டால் தெருவிளக்குக்கு அதுவே தாங்கும். நம் தேவை சூரியனை மறைப்பது இல்லையே.

துணியைவிட முக்கியம் ஓரம். ஜன்னல் அளவுக்கே தைத்து மாட்டினால் நாலு பக்கமும் வெளிச்சம் கசியும். இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி ராடு அடிக்க வேண்டும். வளையம் வைத்த திரையில் மேல்பக்கம் மடிப்பு மடிப்பாக இடைவெளி விழும். ராடை ஜன்னலுக்கு அரையடி மேலே ஏற்றினால் அது குறையும். கேரளத்து வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வெண்டிலேட்டரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கீழே ஆயிரக்கணக்கில் செலவழித்துத் திரை போட்டிருப்பார்கள். மேலே அந்த முக்கால் அடிச் சந்து வழியாகத் தெருவிளக்கு நேராக மச்சில் விழுந்து வெள்ளைப் பட்டையாக நிற்கும். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் கண் அதில்தான் இருக்கும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, குழந்தை படுக்கும் இடத்தில் நாமே பத்து நிமிடம் படுத்துப் பார்த்தால் எங்கெங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடவும் கூடாது. சூடான காற்று வெளியேறும் வழி அது. வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரு தகடு அடித்தால் காற்று வரும், விளக்கு தெரியாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் திரையைப் பற்றிப் பேச முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. ஆடிக்காற்றில் திரை அறைக்குள் பாய்மரமாக எழும்பி நிற்கும். அடியில் கனமான பட்டி வைத்துத் தைக்காவிட்டால் இருட்டும் இல்லை, நிம்மதியும் இல்லை. மார்ச், ஏப்ரலில் நிலைமை நேர் எதிர். வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், ஜன்னலை இறுக்க மூடிய அறைக்குள் கைக்குழந்தை வியர்த்து நனையும். அதிகச் சூடு கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இருட்டா காற்றா என்று வந்தால் காற்றைத்தான் எடுக்க வேண்டும். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும், மேற்கு ஜன்னலில் வெள்ளைப் பூச்சு வெளியே தெரியும்படி திரையை இழுத்துவிட்டால் வெயில் கொஞ்சம் திரும்பிப் போகும், அறையும் தணியும். கட்டிலையும் தொட்டிலையும் திரைக்கு எட்டாமல் போடுங்கள். இழுகயிறு வைத்த பிளைண்ட் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

சத்தத்துக்கும் இது மருந்தல்ல. சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை வேலா போன்ற கோயில் திருவிழா நாட்களில் செண்டையும் வெடியும் எந்தத் துணியையும் துளைத்துக்கொண்டு வரும். அன்றைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திருவிழா பார்க்கப் போய்விடுவதே உத்தமம்.

பகல் விஷயத்தில் பலரும் எல்லை தாண்டிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில்தான் உயிர்க்கடிகாரம் மெல்ல ஓடத் தொடங்கும். அது பழகுவது, பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் மாறிமாறி வருவதைப் பார்த்துத்தான். நாள் முழுக்கத் திரையை மூடிவைத்தால் பழக வழியில்லை. முதல் இரண்டு வாரத்தில் மஞ்சள் காமாலை வந்தால்கூட இருட்டறையில் தோலின் நிறம் கண்ணுக்குப் படாது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் காலை வெளிச்சம்தான் கடிகாரத்துக்குச் சாவி. கேரளத்தில் மதரசா போகும் பிள்ளைகள், புதுநகரம் பக்கத்து இராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, ஆறு மணிக்கே எழுந்தாக வேண்டும். ஜனவரியில் அது இருட்டு நேரம். எழுந்ததும் திரையை விலக்கி, விளக்கைப் போட்டு, முடிந்தால் வாசலில் நின்று பல் துலக்க வைத்தால், ராத்திரி அரை மணி முன்னதாகவே கண் சொருகும். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரம், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆறுக்கு எழும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தியா உட்பட 17 நாடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2010-இல் வெளிவந்த ஒப்பீட்டில், நியூசிலாந்துக் குழந்தைகள் ஏழரை மணியளவில் படுத்துவிடுகிறார்கள். ஹாங்காங் குழந்தைகள் பத்து மணி தாண்டி. பொதுவாக ஆசியக் குழந்தைகள் படுப்பது தாமதம், தூங்குவதும் குறைவு. அதை ஜன்னல் துணி ஒன்றே சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை. பெரியவர்கள் பத்தரை வரை கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, கும்மிருட்டுக்கே பழகிய பிள்ளை வேறு இடத்தில் தூங்காது என்ற பயம். முழுப்பரீட்சை லீவுக்குப் பொள்ளாச்சி அம்மாயி வீட்டுக்குப் போனால் அங்கே திரையும் கிடையாது, ஜன்னலில் பாதிக்குக் கதவும் கிடையாது. முதல் ஓரிரு ராத்திரி புரண்டு புரண்டு படுக்கும், அப்புறம் பழகிவிடும். கூடவே வழக்கமான போர்வையையும், தூங்க வைக்கச் சொல்லும் கதையையும் எடுத்துப் போனால் இன்னும் சுலபம். அதற்காகத் திரையைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.